சுங்கை சிப்புட்டிலிருந்து பேங்காக்: ரயில் பயணமும் ஜியோகேச்சிங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பேங்காக் பயணத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். விமானத்தில் போகாமல் ரயிலில் போவது எப்படி, அங்கே போய் ஜியோகேச்சிங் விளையாடிக்கொண்டே ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று பெற்றோர்களும் இளைஞர்களும் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ரயில் நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் அந்தந்த ரயில் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜியோகேச்சிங் என்றால் என்ன?

உலகெங்கும் ஆர்வலர்கள் சிறு பெட்டிகளைப் பொது இடங்களில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிகிறார்கள். மற்றவர்கள் கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் வசதியைக் கொண்டு அந்த இடத்துக்குச் சென்று, பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் தங்கள் விளையாட்டுப் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். பரிசோ பந்தயமோ இதில் கிடையாது.

இதன் பிறப்புக்கு ஓர் அரசாங்க முடிவு காரணம். பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டதும், நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டிய கருவி ஒரே இரவில் சில மீட்டர் துல்லியத்துக்கு வந்துவிட்டது. மறுநாளே, அதாவது மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரமாக வைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகம் முழுவதும் இருக்கின்றன.

விமானம் இருக்கும்போது எதற்காக ரயில்?

பினாங்கிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பேங்காக் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரிலிருந்து பினாங்கு விமான நிலையத்துக்குக் கார் பிடித்து, இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருந்து, அந்தப் பக்கம் இறங்கி நகரத்துக்குள் வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். நம் ஊர் நிலையத்திலேயே மின்ரயில் நிற்கிறது. இரவு ரயிலில் படுத்துக்கொண்டே போவதால் ஓர் இரவின் விடுதிச் செலவும் மிச்சமாகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருக்கையிலேயே முடங்கிக் கிடக்காமல் எழுந்து நடக்கலாம், கழிவறைக்குப் போகலாம், சன்னலோரம் மாறி உட்காரலாம்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வழி. கோலகங்சாரைத் தாண்டி பாடாங் ரெங்காஸ் மலைகளின் அடியில் புக்கிட் பெராப்பிட் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்ட சுரங்கம் அது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடிய தைப்பிங் வரும். பிறகு புக்கிட் மேரா ஏரியின் மேலேயே தண்டவாளம் போகும். கெடாவுக்குள் நுழைந்தால் செம்பனை மறைந்து நெல்வயல் தொடங்கும். நாடு இப்படி மாறுவதைப் பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். அடுத்த நாள் ஒரு பெட்டியைத் தேடி மெதுவாக நடக்கவேண்டிய பொறுமையும் அவர்களுக்கு அங்கேயே வந்துவிடும்.

எத்தனை ரயில் மாறவேண்டும்?

ஒரே இடத்தில்தான் மாறவேண்டும். சுங்கை சிப்புட்டில் ஏறினால் மலேசிய மின்ரயில் எல்லை நிலையமான பாடாங் பெசார் வரை செல்லும். அங்கிருந்து பேங்காக்குக்குத் தாய்லாந்து ரயில்வேயின் இரவு விரைவு ரயில் நாளுக்கு ஒருமுறை மாலையில் புறப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, மறுநாள் காலை போய்ச் சேர்கிறது. தென்தாய்லாந்து நகரான ஹாட்யாயில் இதனோடு மேலும் பெட்டிகளை இணைப்பார்கள். இந்த ரயிலைத் தவறவிட்டால் ஹாட்யாய் வரை செல்லும் சிறு ரயிலைப் பிடித்து, அங்கிருந்து வேறு இரவு ரயில்களைப் பார்க்கலாம்.

நேர வேறுபாட்டில் கவனமாக இருங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பாடாங் பெசார் மலேசிய மண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் தாய்லாந்து ரயிலின் சீட்டில் தாய்லாந்து நேரமே அச்சாகியிருக்கும். நம் மின்ரயில் தாமதமானாலும் தாங்கும்படி, இரண்டு ரயில்களுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். இந்த இடைவெளி வீணாகிறது என்று நினைக்கவேண்டாம். நிலையத்தில் சாப்பிட்டு, பணம் மாற்றி, பிள்ளைகளைச் சற்று ஓடவிடலாம்.

எல்லையில் மூட்டை முடிச்சோடு அலைய வேண்டுமா?

வேண்டாம். மலேசியக் குடிநுழைவுத் துறையும் தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையும் பாடாங் பெசார் நிலையத்திலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. முதலில் நம் நாட்டு முத்திரை, பிறகு அவர்கள் நாட்டு முத்திரை, அதன்பின் நடைமேடை. சாலை வழியாகப் போகிறவர்கள் விடுமுறை நாட்களில் வெயிலில் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டும். அது இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பதற்கு 200 ரிங்கிட். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கும் 100 ரிங்கிட். குறுகிய சுற்றுலாவுக்கு மலேசியருக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் அல்ல.

தோட்டத்துப் பெரியவர்களில் குடியுரிமை கிடைக்காமல் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் உண்டு. மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அப்படிப்பட்ட பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துப்போக விரும்பினால், சீட்டு வாங்குமுன் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு அவர்களை நேரில் அழைத்துச் சென்று என்ன வழி என்று கேளுங்கள். கிளம்பும் நாளில் வாசலில் நின்று அவர்கள் ஏமாறுவதைத் தவிர்க்கவே இதை இங்கே சொல்கிறேன்.

படுக்கை வசதி எப்படி இருக்கும்?

இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள் இருக்கும். இருட்டியதும் பணியாளர் வந்து, அந்த இருக்கைகளை இழுத்துச் சேர்த்துக் கீழ்ப்படுக்கையாக்குவார்; சுவரோடு மடிந்திருக்கும் மேல்படுக்கையை இறக்குவார்; மெத்தை விரித்து, வெள்ளை விரிப்பு போட்டு, போர்வையும் தலையணையும் வைத்து, திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் போவார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு வேடிக்கை. கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் சற்று அதிகம். பெரியவர்களுக்கு அதையே வாங்குங்கள். மேல்படுக்கைக்குச் சன்னல் இல்லை, விளக்கு வெளிச்சமும் முகத்தில் அடிக்கும். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடுவதால் ஒரு சால்வையோ நீளக்கைச் சட்டையோ கைப்பையில் இருக்கட்டும். தாய்லாந்து ரயில்களில் மது அருந்துவதற்குத் தடை உண்டு. பள்ளி விடுமுறையிலும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரான் நாட்களிலும் படுக்கைகள் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

இதுவரை ஒரு பெட்டியைக்கூடத் தேடியதில்லை. நேரே பேங்காக்கில் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் வேண்டாம் என்பது என் கருத்து. அந்நிய மொழி, கூட்டம், வெயில் இவற்றுக்கு நடுவே புதிய விளையாட்டையும் கற்றுக்கொள்ள முயன்றால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பழைய நகரத்துக்குப் போய்வாருங்கள். கட்டடக்கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தபடியே, வரைபடத்தில் எந்தப் பெட்டி அருகில் இருக்கிறது, அதன் கடினம் எவ்வளவு, கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று பார்க்கப் பழகுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினத்துக்கு ஒன்று, போகும் பாதையின் கடினத்துக்கு ஒன்று என 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பீடுகள் இருக்கும். முதல் முறைக்கு இரண்டும் 2க்கு மேல் போகாதிருப்பது நல்லது. கடைசியாகத் தேடிய நான்கைந்து பேர் வரிசையாகக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும்.

கைப்பேசியில் என்ன வேண்டும்?

ஜியோகேச்சிங் செயலியை இலவசமாகப் பதிவிறக்கலாம். இலவச உறுப்பினருக்குச் செயலியில் எல்லாப் பெட்டிகளும் தெரியாது. ஆனால் முதல் பயணத்துக்குத் தெரிகிறவையே போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர் சி:ஜியோ என்ற இலவசச் செயலியையும் பயன்படுத்துகிறார்கள். போகும் இடங்களின் பெட்டி விவரங்களையும் வரைபடத்தையும் விடுதி வைஃபையிலேயே சேமித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் இயங்க இணையத் தரவு தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். மின்னேற்றி வங்கி (பவர் பேங்க்) ஒன்றும், எழுதுகோல் இரண்டும் கட்டாயம். சிறிய பெட்டிகளுக்குள் பேனா இருக்காது. தாளில் பெயர் எழுதாமல் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்வது இந்த விளையாட்டில் முறையல்ல.

எண்கள் காட்டும் இடத்தில் நின்றும் பெட்டி கிடைக்காவிட்டால்?

பேங்காக்கில் இது அடிக்கடி நேரும். வானுயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை கைப்பேசிக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால், நீங்கள் நிற்கும் இடத்தை அது தவறாகக் கணக்கிடும். மேலே வான்ரயில் பாலம் இருந்தால் தவறு இன்னும் கூடும். ஆகவே பத்துப் பதினைந்து மீட்டர் நெருங்கியதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணால் தேடத் தொடங்குங்கள். நான் ஒரு பெட்டியை மறைப்பதாக இருந்தால் இங்கே எங்கே வைப்பேன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரியவர்களைவிட அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

நகரத்தில் வைக்கப்படுபவை பெரும்பாலும் மிகச் சிறியவை. விரல் நுனியளவு உலோக உருளை, அடியில் காந்தம். இரும்பு வேலியின் பின்புறத்திலோ இருக்கையின் அடியிலோ ஒட்டியிருக்கும். மேல்மூடியைத் திருகித் திறந்தால், சுருட்டிய காகிதப் பட்டை ஒன்று மூடிக்குள் இறுக்கமாகச் செருகியிருக்கும். நகத்தால் மெல்ல இழுத்து, பெயரைச் சுருக்கி எழுதி, முன்பிருந்ததைவிட இறுக்கமாகச் சுருட்டினால்தான் அது மீண்டும் உள்ளே போகும். தளர்வாகச் சுருட்டி மூடியைத் திருகினால் காகிதம் மரைகளில் சிக்கிக் கிழியும். அப்புறம் மழைநீர் இறங்கிவிடும். அடுத்து வருகிறவருக்காக இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர்.

சந்தேகப்பட்டு யாராவது பிடித்துவிட மாட்டார்களா?

கவனமாக இருக்கவேண்டிய விஷயம்தான். 2015 ஆகஸ்டு 17 அன்று பேங்காக்கின் எராவன் பிரம்மா சன்னதியில் குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். பொது இடத்தில் குனிந்து எதையோ துழாவும் ஒருவரைக் காவலர்கள் ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்பது அதை நினைத்தால் விளங்கும். அரண்மனை மதிலோரம், தூதரகங்கள், ரயில் நிலையங்களின் உட்பகுதி ஆகிய இடங்களில் எதையும் துழாவாதீர்கள். யாராவது கேட்டால் ஓடி மறையாமல், சிரித்த முகத்தோடு கைப்பேசித் திரையைக் காட்டி விளக்குங்கள். அரச குடும்பத்தின் படங்களையோ சிலைகளையோ அவமதிப்பதாகத் தோன்றும் எதையும் செய்யக்கூடாது. அந்நாட்டுச் சட்டத்தில் அதற்குக் கடுமையான தண்டனை உண்டு. கோயிலின் வழிபாட்டுப் பகுதிக்குள் தேடவும் கூடாது.

பேங்காக்கில் எங்கிருந்து தொடங்குவது?

தென்பகுதி ரயில்கள் இப்போது 2023இல் பயன்பாட்டுக்கு வந்த குருங்தெப் அபிவாட் மத்திய நிலையத்தில் நிற்கின்றன. அதை ஒட்டியே பாங்சூ சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே நீலத்தடத்தில் ஏறினால் சீலோம், 1916இல் திறந்த பழைய ஹுவாலம்போங் நிலையம், சீனப்பட்டணத்தின் வாட் மங்கோன், சாம் யோட், சனாம் சாய் எல்லாம் ஒரே தடத்தில் வரும். விடுதியை இந்தத் தடத்துக்கு அருகில் எடுத்தால் பாதி அலைச்சல் குறையும். வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம்.

சனாம் சாயில் இறங்கினால் வாட் போ. அங்கே சாய்ந்திருக்கும் புத்தரின் நீளம் 46 மீட்டர். அரண்மனை நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட் (தாய்லாந்து நாணயம்), பிற்பகல் மூன்றரை மணிக்குச் சீட்டு விற்பனை முடிந்துவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாசலருகே யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். நேராக வாயிலுக்கே போய்ப் பாருங்கள்.

லும்பினி பூங்காவைத் தவறவிடாதீர்கள். அங்கே ஏரிக்கரையில் நம் தோட்டத்து உடும்பைவிடப் பெரிய உடும்புகள் ஆள்களைக் கண்டு அஞ்சாமல் நடமாடும். பூங்காக்களின் திறந்த வெளியில் சமிக்ஞை தடுமாற்றம் குறைவு என்பதால் பிள்ளைகளின் முதல் தேடலுக்கு இத்தகைய இடங்களே பொருத்தம். பெட்டியே இல்லாத வகை ஒன்றும் இந்த விளையாட்டில் உண்டு. ஓர் இடத்துக்குச் சென்று, அங்குள்ள கல்வெட்டையோ சிற்பத்தையோ கூர்ந்து பார்த்து, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை அனுப்பவேண்டும். கூட்டம் மிகுந்த வரலாற்று இடங்களுக்கு அந்த வகையே நல்லது.

தமிழர்களாகிய நாம் பார்க்கவேண்டியது என்று அங்கே ஏதாவது உண்டா?

சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் மூலையில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. கோபுரமும் சந்நிதியும் நம் ஊர்க் கோயிலில் நிற்பது போன்ற உணர்வைத் தரும்; ஆனால் விளக்கேற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களாக இருப்பார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

அதைவிட ஆழமான தொடர்பு ஒன்று சாம் யோட் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. வாட் சுத்தாட்டின் எதிரே செந்நிறத் தூண்களோடு ஒரு மாபெரும் ஊஞ்சல் சட்டம் சாலை நடுவே நிற்கும். அதற்குப் பக்கத்தில் 1784இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் கட்டிய தேவஸ்தான் என்ற கோயில், சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதிகளோடு அமைந்திருக்கிறது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் அங்கே ஆண்டுதோறும் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அவை. மணிவாசகரின் பாடல் ஒலிகள் காலப்போக்கில் மிகவும் திரிந்து, பொருள் மறைந்த மந்திரமாக அவர்கள் வாயில் இன்றும் ஓதப்படுகின்றன. ஊஞ்சலாடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது நிற்பது 2007இல் புதிய தேக்கு மரங்களால் அமைத்தது. தமிழ்ப்பள்ளியில் திருவெம்பாவை ஓதிப் பழகிய பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்றால், எத்தனை பெட்டிகளை விட்டாலும் சரி, இந்த இடத்தை விடாதீர்கள். ஒரு பாடலை அங்கே மெல்லச் சொல்லச் சொல்லுங்கள்.

காஞ்சனபுரி போய்வர ஒரு நாள் ஒதுக்கலாமா?

ஒதுக்கவேண்டும் என்றே சொல்வேன். நம் ஊரில் சயாமுக்கு (தாய்லாந்தின் பழைய பெயர்) போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய கதை இல்லாத பழைய குடும்பம் குறைவு. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர்கள் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள், வேலை என்று சொல்லியும் வலுக்கட்டாயமாகவும், அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. நேசநாட்டுப் போர்க்கைதிகளில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் வரிசை வரிசையாக ஏறத்தாழ ஏழாயிரம் பெயர்க்கற்கள் இருக்கின்றன. அவை போர்க்கைதிகளுடையவை. நம்மவர்களுக்கு அந்தக் கல்லறையில் பெயரும் இல்லை, கல்லும் இல்லை.

பேங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் என்ற நிலையத்துக்குச் செல்லும் சாதாரண ரயில் நாளுக்கு இருமுறை கிளம்புகிறது. காலை ரயிலைப் பிடித்தால் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாறையை ஒட்டி ஆற்றின்மேல் மரக்கட்டைகளால் தாங்கிய தாம் கிராசே பாலம் வரை அதே தண்டவாளத்தில் போகலாம். அந்த வளைவில் ரயில் ஊர்ந்துதான் செல்லும். கீழே கட்டைகள் முனகுவது காதில் விழும். கல்லறைக்குப் பக்கத்திலுள்ள தாய்லாந்து–பர்மா ரயில் மையத்தில் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிய விளக்கமும் உண்டு. அங்கே போகும் நாளில் பெட்டி தேடும் விளையாட்டை ஒதுக்கிவைத்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். வீட்டில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ சயாமுக்குப் போனவர் என்றால், கிளம்புமுன் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை பெட்டிகள் தேடலாம்?

குடும்பமாகப் போனால் மூன்று போதும். எண்ணிக்கைக்காக ஓடுபவர்களுக்கு ஊர் தெரியாது. காலையில் ஒன்று, மதிய வெயிலில் அருங்காட்சியகமோ பேரங்காடியோ, மாலையில் ஆற்றங்கரையில் ஒன்றோ இரண்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவ்பிரயா ஆற்றின் விரைவுப் படகு, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகச் சிறந்த வழி. மலிவு, காற்றோட்டம், போக்குவரத்து நெரிசல் இல்லை. விளையாடத் தெரியாத பாட்டியையும் தேடலில் சேர்த்துக்கொள்ளலாம். யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்ல, இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் எப்போதும் தேவை.

பெட்டிக்குள் ஏதாவது வைத்துவிட்டு வரலாமா?

சற்றுப் பெரிய பெட்டியாக இருந்தால், ஒன்றை எடுத்து ஈடான மதிப்புள்ள இன்னொன்றை வைக்கலாம். உணவுப்பொருள் கூடாது, எறும்பும் எலியும் பெட்டியை நாசமாக்கிவிடும். தோட்டத்து நினைவாக ரப்பர் கொட்டையை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அழகான எண்ணம், ஆனால் விதைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் இருப்பதால் வேண்டாம். மலேசிய அஞ்சல்தலை, சிறு நாணயம், தமிழ் எழுத்து பொறித்த சாவிவளையம் போன்றவை நல்ல தேர்வு.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ஜே என்ற குறி உள்ள கடைகள் சைவக் கடைகள். பூண்டு வெங்காயமும் சேர்க்கமாட்டார்கள். மற்றக் கடைகளில் காய்கறி என்று சொன்னாலும் மீன்சாறு ஊற்றுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்போர் கேட்டுச் சாப்பிடுங்கள். மாரியம்மன் கோயிலைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு. ரயிலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது இன்றும் நல்ல யோசனை.

பணம் மாற்றுவது எப்படி?

படகு, சந்தை, சாலையோரக் கடைகளுக்கு ரொக்கமாகப் பாட் வேண்டும். பல கடைகளில் நம் நாட்டு வங்கிச் செயலியாலேயே தாய்லாந்தின் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் கட்டலாம். உங்கள் வங்கி அதற்கு இணங்குகிறதா என்று முன்பே பாருங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

பேங்காக்குக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஆனால் அதே நவம்பர், டிசம்பரில் தென்தாய்லாந்தில் பருவமழை கொட்டும்; 2025 நவம்பரில் ஹாட்யாய் பெருவெள்ளத்தில் மூழ்கியது. ரயில்பாதை அந்த வழியாகத்தான் போகிறது. ஆண்டிறுதி விடுமுறையில் போகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் வானிலைச் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஏப்ரலில் வெயில் தாங்காது.

எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். நம் ஊரில் கடையில் வாங்கியதுதானே என்று பையில் போட்டுக்கொண்டு போகும் இளைஞர்கள் அபராதமும் தண்டனையும் பெறக்கூடும். திரும்பி வரும்போது, அங்கே கடைகளில் காணும் கஞ்சா கலந்த மிட்டாய், பானம் எதையும் தெரியாமல்கூட வாங்கி வராதீர்கள். மலேசியச் சட்டம் அதில் இரக்கம் காட்டாது. திரும்பும் இரவு ரயிலுக்கான படுக்கையைப் போகும் சீட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பாடாங் பெசாரில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டு, சுங்கை சிப்புட்டில் நிற்கும் மின்ரயில்தானா என்று உறுதி செய்துகொண்டு ஏறுங்கள். எல்லா மின்ரயில்களும் நம் ஊரில் நிற்பதில்லை.